மேஸ்திரியின் நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது?

புதுச்சேரியில் நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு தொழிற்சாலை, சட்டப்படி எடுத்தாகவேண்டிய ஒரே ஒரு அப்ரண்டிஸை எடுக்காமல் விட்டுவிட்டால் என்ன ஆகும்? முதலில் ஒரு மாத நோட்டீஸ் வரும். அதற்கும் அசையாவிட்டால் முதல் மூன்று மாதங்களுக்கு மாதம் 500 ரூபாய் அபராதம். அதன் பிறகு இடம் நிரம்பும்வரை மாதம் 1,000 ரூபாய். ஓராண்டு முழுவதும் காலியாகவே வைத்திருந்தால் மொத்தம் 10,500 ரூபாய். அதே இடத்தில் ஐ.டி.ஐ. முடித்த ஒரு பையனைச் சேர்த்துக்கொண்டால், 2019-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி மாதம் குறைந்தது 7,000 ரூபாய் உதவித்தொகை தரவேண்டும். மத்திய அரசு தன் பங்காக அதிகபட்சம் 1,500 ரூபாய் தருகிறது. மீதி 5,500 நிறுவனத்தின் கையிலிருந்து, ஆண்டுக்கு 66,000. சட்டத்தை மதிப்பதைவிட மீறுவது ஆறு மடங்கு மலிவு என்பது எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் இரண்டே நிமிடத்தில் விளங்கிவிடும்.

அப்படியானால் அபராதத்தை ஏற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தில் 2014 வரை ஆறு மாதச் சிறைத்தண்டனைக்கே இடம் இருந்தது. அந்த அரை நூற்றாண்டின் முடிவில், இவ்வளவு பெரிய நாட்டில், பயிற்சியில் இருந்த அப்ரண்டிஸ்கள் மூன்று லட்சம் பேர்கூட இல்லை. சிறை என்ற சொல்லுக்கே அசையாதவர்கள் ஆயிரம் ரூபாய்க்கா அசைவார்கள்? 2016 ஆகஸ்டில் தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம் வந்து, உதவித்தொகையில் கால் பங்கை அரசு ஏற்றுக்கொண்ட பிறகு எண்ணிக்கை பெருகியது உண்மைதான். 2023-24-இல் மட்டும் ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் சேர்ந்தார்கள். இப்போது அரசின் பங்கு நேராகப் பையனின் வங்கிக் கணக்குக்கே போய்விடுகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஆயிரம் பேர் வேலை செய்யும் கார் தொழிற்சாலைக்கும், நான்கு பேர் நிற்கும் லேத் பட்டறைக்கும் இதே ஏற்பாடு ஒரே மாதிரி பொருந்துமா என்பதே கேள்வி. புதுச்சேரியில் நின்று பார்த்தால் அந்தக் கேள்வி இன்னும் துலக்கமாகத் தெரிகிறது.

இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1962 மார்ச் 1 அன்று. புதுச்சேரி முறைப்படி இந்தியாவோடு சேர்ந்தது அதே ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று. சட்டம் பிறந்தபோது இந்த ஊர், பெயரளவிலாவது, பிரான்சின் பகுதி. அன்றைக்கு ஊரின் தொழில் என்றால் மூன்று மில்கள்: சவானா, ரோடியர், கெப்ளே. 1936 ஜூலை 30 அன்று வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள்மீது பிரெஞ்சுப் படை சுட்டதில் பன்னிரண்டு பேர் மாண்டார்கள், வ. சுப்பையா தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தை ஒட்டித்தான் எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. அந்த வரலாற்றை நாம் கூலிக்கும் நேரத்துக்கும் உரியதாகவே படிக்கிறோம். ஒரு பெரிய மில் வேறொன்றாகவும் இருந்தது. நூற்பும் நெசவும் சாயமும் கொதிகலனும் மின்சாரமும் பழுதுபார்க்கும் ஒர்க்‌ஷாப்பும் ஒரே மதிலுக்குள் இருந்ததால், ஒரு பையன் எண்ணெய் டப்பா தூக்கிக்கொண்டு நுழைந்து ஃபிட்டராக வெளியே வர அங்கே வழி இருந்தது. ரோடியர் மில் பிற்பாடு ஏ.எஃப்.டி. என்று பெயர் பெற்று, 2011 டிசம்பரின் தானே புயலில் அடிபட்டு, 2020-இல் மூடப்பட்டது. சுதேசி, பாரதி என்று பெயர் மாறியிருந்த மற்ற இரண்டு மில்களும் அதே ஆண்டில் கதவடைத்தன. மூடப்பட்டவை மூன்று ஆலைகள் என்று செய்தித்தாள்கள் எழுதின. எழுதப்படாத பாடத்திட்டம் ஒன்றும் அவற்றோடு போனதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

மில்களுக்கு அடுத்து வந்தது வரிச்சலுகைக் காலம். பிப்டிக் என்று ஊரில் எல்லோரும் சொல்லும் தொழில் வளர்ச்சிக் கழகம் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, கிருமாம்பாக்கம் என்று பேட்டைகளை வளர்த்தது. விற்பனை வரி குறைவு என்பதற்காகவே பல கம்பெனிகள் எல்லை தாண்டி வந்தன. திருபுவனையில் வேர்ல்பூல் வாஷிங் மெஷின் ஆலை, லூகாஸ் டிவிஎஸ், லெனோவோ என்று பெரிய பெயர்களும் உண்டு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தக் கவர்ச்சி போய்விட்டது. இன்று ஒரு கம்பெனி வானூரிலோ திண்டிவனத்திலோ இடம் பார்க்காமல் புதுச்சேரிக்கு ஏன் வரவேண்டும்? வரியில் சொல்ல ஒன்றும் இல்லை. கைத்திறன் உள்ள ஆட்கள் கிடைப்பார்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம். சொல்லும்படி நிலைமை இருந்தால்.

இங்கேதான் முப்பது என்ற எண் வந்து நிற்கிறது. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றால், மொத்த ஆட்களில் குறைந்தது இரண்டரை சதவீதமும் அதிகபட்சம் பதினைந்து சதவீதமும் அப்ரண்டிஸ்களாக இருக்கவேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்களும் இந்தக் கணக்கில் சேர்த்தி. நான்கு முதல் இருபத்தொன்பது பேர்வரை உள்ள இடங்களுக்கு விருப்பம் இருந்தால் எடுக்கலாம். பேட்டைகளுக்குள் நடந்து பார்த்தால் தெரியும், பெரும்பாலான ஷெட்டுகள் முப்பதைத் தொடாதவை. ஒயிட் டவுனில் பழைய பிரெஞ்சு வீடுகளை மாற்றி நடத்தும் தங்கும் விடுதிகள், மிஷன் வீதி, நேரு வீதிக் கடைகள், விறகு அடுப்பு பேக்கரிகள் எல்லாமே அப்படித்தான். சட்டத்தின் வலை பெரிய மீன்களுக்காகப் பின்னியது. இந்தக் குளத்தில் இருப்பவை கெண்டைகள்.

தட்டாஞ்சாவடியில் ஒரு சாதாரண லேத் பட்டறையை எடுத்துக்கொள்வோம். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு வெல்டிங் செட். முதலாளியே பாதி நேரம் மெஷினில் நிற்பார். பெரிய கம்பெனியிலிருந்து வரும் ஜாப் ஆர்டர், வெள்ளிக்கிழமைக்குள் இருநூறு புஷ் கடைந்து தரவேண்டும். ஐ.டி.ஐ. முடித்துப் புதிதாக வரும் பையனுக்கு லேத்தின் பாகங்கள் மனப்பாடம். ஆனால் டூல் பிட்டை கிரைண்டரில் பிடித்து முனை வைக்கத் தெரியாது. அதைப் புத்தகத்தில் படிக்க முடியாது. மேஸ்திரி பக்கத்தில் நின்று, கையைப் பிடித்து, தீப்பொறி எந்தப் பக்கம் தெறிக்கிறது என்று பார்க்கச் சொல்லி, முனை நீலம் பாய்ந்தால் போச்சு என்று திட்டி, மறுபடி தேய்க்க வைக்கவேண்டும். வெர்னியரில் அளவு எடுக்கும்போது எவ்வளவு அழுத்தலாம் என்பதும் அப்படியே. கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் அளவு பொய் சொல்லும். முதல் மூன்று மாதத்தில் பையன் வீணாக்கும் இரும்பும் டூலும் பெரிய செலவில்லை. அந்த மூன்று மாதத்தில் மேஸ்திரி கடையாமல் விட்ட புஷ்கள்தான் செலவு.

கணக்குப் போடலாம். மேஸ்திரியின் சம்பளம் மாதம் 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் பையனுக்குப் போனால் மாதம் 3,000 ரூபாய் மதிப்புள்ள நேரம் போகிறது. அரசு தரும் 1,500 ரூபாய் உதவித்தொகைக்கு. இந்த 3,000-க்கு யாரும் எதுவும் தருவதில்லை. எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டமே இல்லை. சிறு முதலாளி ‘அதெல்லாம் நமக்கு ஒத்துவராதுங்க’ என்று சொல்லும்போது உதவித்தொகையைப் பற்றிப் பேசுவதாக அதிகாரிகள் நினைக்கிறார்கள். அவர் பேசுவது பெரும்பாலும் இந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி.

இன்னொரு பயமும் உண்டு. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். பட்டறைக்காரரின் அனுபவம் வேறு: ஊட்டி வளர்த்த பிள்ளையைப் பக்கத்து கம்பெனிக்காரன் இரண்டாயிரம் ரூபாய் கூடக் கொடுத்து அழைத்துக்கொண்டு போய்விடுவான். பொருளியலில் இது பழைய கேள்வி. எந்த நிறுவனத்திலும் செல்லுபடியாகும் பொதுத்திறனுக்கு எந்த முதலாளியும் தன் பணத்தைப் போடமாட்டான், அதைக் கற்பவனே குறைந்த கூலியின் வடிவில் விலை கொடுக்கிறான் என்று கேரி பெக்கர் 1964-இல் வாதிட்டார். அதற்கு ஏறக்குறைய இரு நூற்றாண்டு முன்பே, 1776-இல், ஆடம் ஸ்மித் நீண்ட அப்ரண்டிஸ் காலத்தையே எதிர்த்தார். ஏழு வருடம் கூலியில்லாமல் வேலை செய்பவனுக்குச் சோம்பேறித்தனம்தான் படியும் என்பது அவர் கட்சி. இருவரும் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஐரோப்பாவில் சில நாடுகளில் நிறுவனங்கள் பணம் போட்டுத்தான் பழக்குகின்றன. எப்படி?

புதுச்சேரியை அன்று ஆண்ட பிரான்சையே முதலில் பார்க்கலாம். 1925 ஜூலையில் நிதிச் சட்டத்தின் வழியாக அங்கே தொழிற்பழகுநர் வரி என்று ஒன்று போட்டார்கள். பயிற்சி தருகிறவனும் தராதவனும் சம்பளப் பட்டியலில் இவ்வளவு சதவீதம் என்று கட்டவேண்டும். தொடக்கத்தில் 0.20 சதவீதம், இன்று 0.68. பக்கத்துக் கம்பெனியின் பையனை இழுத்துக்கொள்பவனும் அவன் பயிற்சிக்கு ஏற்கெனவே ஒரு பங்கு கட்டியிருப்பான் என்பதுதான் இதன் சூட்சுமம். 2018-இல் சட்டத்தைத் தளர்த்தி, 2020-இல் கொரோனாவுக்கு நடுவே ஒரு பழகுநரை எடுத்தால் 8,000 யூரோவரை போனஸ் என்று அறிவித்தார்கள். ஆண்டுக்கு மூன்று லட்சத்து சொச்சமாக இருந்த புதிய ஒப்பந்தங்கள் 2022-இல் எட்டு லட்சத்தைத் தாண்டின. பிரமாதம் என்று தோன்றும். ஆனால் பெருகியவற்றில் பெரும்பகுதி கல்லூரி மாணவர்களுக்கு, மேலாண்மைப் படிப்புகளுக்குப் போனது. எப்படியும் வேலை கிடைத்திருக்கக்கூடியவர்கள். தச்சும் கொத்தும் பழகவேண்டிய பதினாறு வயதுப் பையனின் பங்கு அந்த வேகத்தில் வளரவில்லை. செலவு தாங்காமல் 2025-இல் போனஸைக் குறைத்தார்கள். இங்கிலாந்து 2017-இல் பெரிய நிறுவனங்களுக்கு 0.5 சதவீத வரி போட்டபோது இன்னும் மோசம்: அடுத்த ஆண்டே புதிதாகச் சேர்ந்தவர்கள் 4,94,900-இலிருந்து 3,75,800 ஆகக் குறைந்தார்கள். பணம் தானாக மேட்டை நோக்கி ஓடும் என்பதற்கு இரண்டு நாடுகளும் சாட்சி. பட்டதாரிக்கு மாதம் 9,000, பத்தாம் வகுப்பை எட்டாதவனுக்கு 5,000 என்று அடுக்கியிருக்கும் நம் விதிகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

ஜெர்மனியின் ஒரு சம்பவம் இன்னும் நேரடியாக நம் விஷயத்துக்கு வருகிறது. அங்கே பழகுநரை வைத்துக்கொள்ள நினைக்கும் நிறுவனத்தில், கற்றுக்கொடுக்கும் தகுதிக்கான தேர்வு எழுதிய ஒருவராவது இருக்கவேண்டும் என்று 1972 முதல் விதி உண்டு. 2003-இல் இடங்கள் குறைந்துவிட்டன, முதலாளிகளுக்கு இது சுமை என்று அந்த விதியை நிறுத்திவைத்தார்கள். அதிக நிறுவனங்களை உள்ளே கொண்டுவருவதற்கான சலுகை. விளைவு, தகுதி பெற்ற பயிற்றுநர் இல்லாத இடங்களில் பாதியில் விட்டுப்போகிறவர்கள் கூடினார்கள். 2009-இல் விதியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதாவது மேஸ்திரியைச் செலவு என்று கருதி நீக்கிப் பார்த்தார்கள். நீக்கியதும் பயிற்சியே நொண்டியது. சுவிட்சர்லாந்தில் சராசரி நிறுவனத்துக்குப் போட்ட பணம் பயிற்சி முடிவதற்குள்ளேயே திரும்பிவிடுகிறது, ஜெர்மனியில் திரும்புவதில்லை என்று இரு நாடுகளையும் ஒப்பிட்ட ஆய்வுகள் காட்டின. முக்கியமான ஒரு காரணம் எளிது: சுவிஸ் பையன் பட்டறையில் இருக்கும் நேரத்தில் உண்மையான ஜாபில் கைவைக்கிறான், ஜெர்மன் பையன் பயிற்சிக்கென்று கொடுத்த இரும்புத்துண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு, புதுச்சேரியிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1971-இல் டெபோரா ஸ்மித், ரே மீக்கர் என்ற இரு அமெரிக்கர்கள் இங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். டெபோரா ஜப்பானில் பிஸென் மண்பாண்ட மரபைப் பக்கத்திலிருந்து பார்த்துப் பழகியவர். உயர்சூட்டில் சுடும் ஸ்டோன்வேர் பாண்டம் அப்போது இந்தியாவில் அரிது. அவர்கள் தங்கள் தொழிலை மூடி வைத்துக்கொள்ளவில்லை. மாணவர்களைச் சேர்த்தார்கள், சக்கரம் சுற்றக் கற்றுக்கொடுத்தார்கள், சூளை கட்டக் கற்றுக்கொடுத்தார்கள். பழகியவர்கள் வெளியே போய்ப் புதுச்சேரியைச் சுற்றியும் ஆரோவில்லிலும் சொந்தச் சூளை வைத்தார்கள். பெக்கர் கணக்குப்படி இது நஷ்டமாக முடிந்திருக்கவேண்டும். நடந்தது வேறு: ‘பாண்டிச்சேரி பாட்டரி’ என்று கேட்டு வாங்கும் ஒரு சந்தையே உருவாயிற்று. ஒரே ஒரு சூளையால் அந்தப் பெயரைச் சம்பாதித்திருக்க முடியாது. வில்லியனூர்ச் சுடுமண் வேலையும் இதே ஊரில் புவிசார் குறியீடு பெற்றது. அதன் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. விருது கிடைத்த ஒரு கலைஞரைவிட, அவரிடம் பழகிய பத்துப் பேர் எங்கே இருக்கிறார்கள் என்பதே எனக்குச் சுவாரசியமான கேள்வி.

கலைக்குப் பொருந்தியது கட்டுமானத்துக்குப் பொருந்தவில்லை என்பது சோகம். பிரெஞ்சுக் காலத்து வீடுகளின் கூரை மெட்ராஸ் டெரஸ்: மர உத்தரங்களின்மேல் சிறு செங்கற்களைக் குறுக்குவாட்டில் நிறுத்திவைத்துச் சுண்ணாம்புக் கலவையால் பிணைப்பது. அதைப் போடத் தெரிந்த கொத்தனார்கள் வயதானவர்கள். 2014 நவம்பரில் கடற்கரைச் சாலையின் மெய்ரி கட்டடம் மழையில் சரிந்து விழுந்தது. அதைப் பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டி 2021-இல் திறந்தார்கள். தோற்றத்தைத் திரும்பக் கொண்டுவரலாம். அடுத்த கட்டடம் விழாமல் பார்த்துக்கொள்ளும் கைகள் வேண்டுமே? தொழிற்பழகுநர் சட்டத்தின் 2014 திருத்தம் ‘விருப்பத் தொழில்’ என்ற பிரிவைக் கொண்டுவந்து, பாடத்தையும் காலத்தையும் நிறுவனமே வகுத்துக்கொள்ளலாம் என்றது. சுண்ணாம்பு வேலைக்கு அச்சாகப் பொருந்தும் வழி. ஆனால் அந்த வேலை எடுக்கும் மேஸ்திரிக்குக் கம்பெனியும் இல்லை, சம்பளப் பட்டியலும் இல்லை. அவர் ஆட்கள் எல்லாம் தினக்கூலி.

முதலாளிகளை ஊக்குவிப்பது பற்றிப் பேசும்போது பிள்ளைகளின் பெற்றோர் என்ன நினைக்கிறார்கள் என்பதை விட்டுவிட முடியாது. தமிழ்நாட்டு நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம் பெண்களை மூன்று ஆண்டுக்குப் ‘பயிற்சியாளர்’ என்று எழுதிக்கொண்டு முழு வேலை வாங்கினார்கள். திருமணத்துக்கு மொத்தப் பணம் என்று ஆசை காட்டினார்கள். கற்றுக்கொடுக்க அங்கே சில வாரங்களுக்கு மேல் ஒன்றும் இருக்கவில்லை. சட்டப்படி அப்ரண்டிஸ் தொழிலாளி ஆகமாட்டார், பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது, முடித்ததும் வேலை தரவேண்டும் என்ற கட்டாயமும் நிறுவனத்துக்குக் கிடையாது. நெய்வேலியில் அப்ரண்டிஸ் முடித்தவர்கள் நிரந்தர வேலை கேட்டுப் பலமுறை போராடியது பக்கத்து ஊர்க்காரர்களான நமக்கு நன்றாகவே தெரியும். ஆகவே ‘அதிக நிறுவனங்கள், அதிக இடங்கள்’ என்ற இலக்கு மட்டும் இருந்தால் மலிவுக் கூலியைத் தேடுகிறவர்கள்தான் முதலில் ஓடிவருவார்கள். மேஸ்திரி இல்லாத இடத்துக்கு உதவித்தொகை கொடுப்பது அவர்களுக்கு மானியம் கொடுப்பதாகவே முடியும்.

இதற்கெல்லாம் புதிதாகச் சட்டம் வேண்டியதில்லை என்பது சட்டத்தைப் படித்தால் தெரிகிறது. எட்டாவது பிரிவின் இரண்டாவது உட்பிரிவு, பல முதலாளிகள் சேர்ந்து, தாங்களாகவோ அரசின் தொழிற்பழகுநர் ஆலோசகரின் ஒப்புதல் பெற்ற ஒரு முகமை வழியாகவோ, தங்கள் அப்ரண்டிஸ்களுக்குப் பயிற்சி தரலாம் என்கிறது. ஐந்தாவது பிரிவு, ஒப்பந்தத்தை ஒரு முதலாளியிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றிக்கொள்ள இடம் தருகிறது. ஜெர்மனியில் சிறு பட்டறைகளின் பையன்கள் சில வாரங்கள் கைவினைச் சபைகள் நடத்தும் பொதுப் பயிற்சிக்கூடத்துக்குப் போய்வருவதும் இதே யோசனைதான். பேட்டை முதலாளிகளின் கூட்டங்களில் அப்ரண்டிஸ் பேச்சு வந்தால் உதவித்தொகை, போர்ட்டல், பாஸ்வேர்டு என்றுதான் போகும். எட்டு-இரண்டு பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

புதுச்சேரிப் பகுதி 293 சதுர கிலோமீட்டர். தட்டாஞ்சாவடிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் நடுவே சைக்கிளில் போய்வரும் தூரம்தான். ஆண்கள் அரசு ஐ.டி.ஐ.யும் மேட்டுப்பாளையத்திலேயே இருக்கிறது. மத்திய அரசு 122 கோடி ரூபாயில் கட்டிய குறுசிறு தொழில்நுட்ப மையம் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அடிப்படைப் பயிற்சிக்கு அதன் மெஷின்களைப் பயன்படுத்தலாம். ஐந்து ஷெட்டுகள் சேர்ந்து ஒரு பையனை எடுக்கட்டும். ஓரிடத்தில் கடைசல், அடுத்த இடத்தில் மில்லிங், பிறகு ஷீட் மெட்டல் என்று மாறிமாறிப் பழகட்டும். 5,500 ரூபாயை ஐந்தாகப் பிரித்தால் ஆளுக்கு மாதம் 1,100. ஒரு ஷெட்டில் ஆர்டர் வற்றினால் பையன் வீட்டுக்குப் போகவேண்டியதில்லை. பையனை இழுத்துக்கொள்வான் என்று பயந்த பக்கத்து முதலாளியே இப்போது பங்காளி. ஓட்டல்களுக்கும் இதே வழி: வார இறுதியில் நிரம்பி வழிந்து செவ்வாய்க்கிழமை ஈ ஓட்டும் ஒயிட் டவுன் விடுதிகள், ஆளுக்கு ஒரு பையனை வருடம் முழுவதும் வைத்துக்கொள்ள முடியாது, ஆறு விடுதிகள் சேர்ந்தால் முடியும்.

மிச்சம் இருப்பது மேஸ்திரியின் அந்த ஒரு மணி நேரம். அதைப் புதுச்சேரி அரசே தரலாம், ஆனால் முதலாளி கையில் தரக்கூடாது. மேஸ்திரியின் பெயருக்கே போகவேண்டும். பாதியை மாதாமாதமும், மீதியைப் பையன் அகில இந்தியத் தொழில் தேர்வில் தேறிய பிறகும் தரலாம். தன் பெயருக்குப் பணம் வந்தால், பையன் தன் இடத்தைப் பிடித்துவிடுவானோ என்று மேஸ்திரிக்கு உள்ளூர இருக்கும் பயமும் கொஞ்சம் தணியும். தொழில் ரகசியம் ஒளிக்கப்படுவது பெரும்பாலும் அந்தப் பயத்தால்தான். முகமையாக யார் இருப்பது என்றால், பேட்டைகளின் சொந்தக்காரரான பிப்டிக் இருக்கலாம், பிரெஞ்சுக் காலத்திலிருந்தே ஊரில் இருக்கும் வணிகர் சபை இருக்கலாம். எனக்குச் சபைமேல்தான் நம்பிக்கை. ஷெட்டுக்காரர்கள் அதிகாரியிடம் சொல்லாததை இன்னொரு வியாபாரியிடம் சொல்வார்கள். முதல் தொகுதிக்கு இருபது பையன்கள் போதும். மேஸ்திரி கூலி மாதம் 3,000 வீதம், இருபது பேருக்கு, ஓராண்டுக்கு 7,20,000 ரூபாய் ஆகிறது.